பத்தாவது ஆளும் இ.எஸ்.ஐ.யும்: கடைக்குச் செலவா, காப்பா?

நம் மாவட்டத்து மளிகை வணிகர்களிடம் "கடையில் எத்தனை சிப்பந்திகள்?" என்று கேட்டால், பலரிடமிருந்து வரும் பதில் ஒன்றாகவே இருக்கும்: "ஒன்பது பேர்." புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலும் இதே பதில்தான், அறந்தாங்கி, பொன்னமராவதி கடைத்தெருக்களிலும் இதே பதில்தான். வியாபாரம் பெருகினாலும் சுருங்கினாலும் இந்த ஒன்பது மட்டும் மாறுவதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். பத்தாவது ஆள் உள்ளே வந்தால் இ.எஸ்.ஐ. வந்துவிடும் என்ற பயம்.

இந்தப் பயம் எவ்வளவு சரி என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய வேளை இது. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அவற்றில் ஒன்றான 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில், பழைய 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் அடங்கிவிட்டது. முன்பு "எங்கள் ஊர் அறிவிக்கப்பட்ட பகுதியில் இல்லை" என்று சொல்லிச் சிலர் தள்ளிப் போட முடிந்தது. புதிய தொகுப்பில் அறிவிக்கப்பட்ட பகுதி என்ற ஏற்பாடே இல்லை. 10 பேர் வேலை பார்க்கும் நிறுவனம் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும், மணமேல்குடியில் இருந்தாலும் விராலிமலையில் இருந்தாலும், திட்டத்துக்குள் வந்தாக வேண்டும்.

சற்றுப் பழைய கதையையும் சொல்லி விடலாம். சுதந்திரத்துக்கு முன்பே, 1944இல், பேராசிரியர் அதார்கர் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதை ஒட்டிப் பிறந்ததுதான் 1948 ஏப்ரல் மாதச் சட்டம். அதற்கு முந்தைய மாதத்தில்தான் நம் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது என்பது ஒரு பொருத்தம். 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955இல் கோயம்புத்தூரில் மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கினார்கள். நெடுநாள் இது ஆலைக்காரர்கள் விவகாரமாகவே இருந்தது. கடைகளுக்கு வந்து சேர்ந்தது பிறகுதான். அதனால்தானோ என்னவோ, இன்னமும் நம்மில் பலர் இதை வெளியூர்ச் சரக்கு போலவே பார்க்கிறோம்.

செலவு எவ்வளவு?

1997 ஜனவரி 1 முதல் 2019 ஜூன் முடிய, இருபத்திரண்டரை ஆண்டுகள், முதலாளி பங்கு சம்பளத்தில் 4.75 சதவீதம், தொழிலாளி பங்கு 1.75 சதவீதம் என்று இருந்தது. 2019 ஜூலை 1 முதல் முதலாளி பங்கை 3.25 சதவீதமாகவும் தொழிலாளி பங்கை 0.75 சதவீதமாகவும் குறைத்தார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இது பொருந்தும். இந்த உச்சவரம்பு 2017 ஜனவரி 1 முதல் உள்ளது. உடல் ஊனமுற்ற பணியாளர்களுக்கு வரம்பு 25,000 ரூபாய்.

நம் வழக்கப்படி கல்லாக் கணக்காகவே பார்ப்போம். கடையில் 10 பேர், ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். மொத்தச் சம்பளம் 1,20,000. முதலாளி கட்ட வேண்டியது 3,900 ரூபாய். சிப்பந்திகளின் பங்கு ஆளுக்கு 90 வீதம் 900 ரூபாய். பழைய விகிதம் இருந்திருந்தால் முதலாளிக்கு 5,700, சிப்பந்திகளுக்கு 2,100 ஆகியிருக்கும். ஆண்டுக்குப் பார்த்தால் முதலாளியின் செலவு 68,400இலிருந்து 46,800 ஆக இறங்கியிருக்கிறது. "இ.எஸ்.ஐ. என்றால் ஆறரை சதவீதம் போய்விடும்" என்று இன்றும் பேசிக் கொண்டிருப்பவர்கள், இரண்டு பேர் பங்கையும் சேர்த்து இப்போது 4 சதவீதம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓர் ஆளுக்கு முதலாளி கட்டுவது மாதம் 390 ரூபாய், நாள் ஒன்றுக்கு 13 ரூபாய். கடைக்கு வரும் சிப்பந்திக்கு மாலையில் நாம் வாங்கித் தரும் ஒரு டீயின் காசு.

சந்தா கட்டுவதற்குக் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. நாள் தப்பினால் வட்டியும் அபராதத் தொகையும் சேரும். சிப்பந்தியின் பங்கைச் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது மட்டும் கூடவே கூடாது. அது வெறும் பாக்கி இல்லை, குற்ற வழக்குக்கு உரியது. நாள் சம்பளம் சராசரி 176 ரூபாய் வரை மட்டுமே பெறுபவரிடம் பங்கு பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கான முதலாளி பங்கை நாம் கட்டத்தான் வேண்டும்.

சிப்பந்திக்கு என்ன கிடைக்கிறது?

பலர் இதை "மருந்து மாத்திரைத் திட்டம்" என்று நினைக்கிறார்கள். மருத்துவம் ஒரு பகுதிதான். பணியாளருக்கும், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் சிகிச்சை உண்டு. ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்ற வரம்பு வழக்கமான சிகிச்சைக்குக் கிடையாது. பெரிய சிறப்புச் சிகிச்சைகளுக்கு மட்டும் சில மாதங்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

இதைவிட நம் சிப்பந்திகளுக்கு முக்கியமானது, படுத்துக் கிடக்கும் நாட்களில் கிடைக்கும் பணம். நோயுற்று வேலைக்கு வர முடியாவிட்டால், சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இதற்கு அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். காசநோய், புற்றுநோய் போன்ற பட்டியலில் உள்ள நீண்டகால நோய்கள் என்றால் 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை. பெண் சிப்பந்திக்குப் பேறுகாலத்தில் 26 வாரம் முழுச் சம்பளம். இதைக் கழகம் கொடுக்கிறது, முதலாளி கல்லாவிலிருந்து போவதில்லை. பெண்களை வேலைக்கு வைக்க இந்த ஒரு காரணத்துக்காகத் தயங்கும் ஜவுளி, பாத்திரக் கடைக்காரர்கள் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். அதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வீட்டிலிருந்து கடைக்கு வரும் வழியில் நேரும் விபத்தும் வேலையோடு தொடர்பு இருந்தால் இதில் சேரும். இரவு ஒன்பதரைக்குக் கடை சாத்திவிட்டு இருசக்கர வண்டியில் கந்தர்வகோட்டைப் பக்கமோ கீரனூர்ப் பக்கமோ போகும் பையன்களை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். உயிரே போய்விட்டால் அந்தச் சம்பளத்தில் 90 சதவீதம் குடும்பத்தாருக்குப் பங்கிட்டு மாதாமாதம் வரும். ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் தனி.

இனி அடுத்த பக்கத்தைப் பார்ப்போம். திட்டத்தில் சேராத கடையில் இதே விபத்து நடந்தால்? 1923ஆம் ஆண்டிலிருந்தே தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் உள்ளது. அதுவும் இப்போது புதிய தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. கிடங்கில் சரக்கைக் கையாளும் ஆட்களும் வண்டி ஓட்டுநர்களும் அதன் அட்டவணையில் உள்ளவர்கள். 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 30 வயது ஆள் அடுக்கிய மூட்டை சரிந்து இறந்து போனால், சம்பளத்தில் பாதியான 6,000 ரூபாயை அந்த வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்க வேண்டும். வருவது 12,47,880 ரூபாய். இதை யார் கொடுப்பது? முதலாளிதான். ஒரு நடுத்தர மளிகைக் கடையின் கையிருப்புச் சரக்கு முழுவதையும் விற்றாலும் இந்தத் தொகை தேறுமா என்பதை அவரவர் இருப்புப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லலாம். இ.எஸ்.ஐ.யில் பதிவான ஆளாக இருந்தால் இந்தப் பொறுப்பு முதலாளியை விட்டுப் போகிறது.

10 பேர் இருந்தும் பதிவு செய்யாமல் விட்ட கடைக்கு நிலை இன்னும் மோசம். கழகம் தொழிலாளிக்குப் பலனைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஒன்பது என்ற எண்ணின் மாயை

அமெரிக்காவில் 2010இல் அதிபர் ஒபாமா காலத்தில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது, 50 முழுநேர ஊழியர்கள் உள்ள நிறுவனம் எல்லோருக்கும் காப்பீடு தர வேண்டும், இல்லாவிட்டால் தண்டம் என்று விதித்தார்கள். உடனே அங்கேயும் சில கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் 49 பேரோடு நின்று கொண்டார்கள். மனித சுபாவம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் அங்கே முதலாளி தனியார் நிறுவனத்திடம் காப்பீடு வாங்க வேண்டும். அதன் பிரீமியம் ஊழியர்களின் வயதைப் பார்த்தும் ஊரைப் பார்த்தும் ஏறும். இங்கே இ.எஸ்.ஐ.யில் ஐம்பத்தைந்து வயது கணக்குப்பிள்ளைக்கும் இருபது வயது பையனுக்கும் ஒரே சதவீதம்தான். சர்க்கரை நோய் உள்ளவரைச் சேர்த்தாலும் ஒரு பைசா கூடாது. நாற்பத்தொன்பதில் நின்ற அமெரிக்கக் கடைக்காரர் மிச்சம் பிடித்தது பெருந்தொகை. ஒன்பதில் நிற்கும் நம்மவர் மிச்சம் பிடிப்பது, மேலே சொன்ன சம்பளக் கணக்குப்படி, மாதம் சுமார் 3,500 முதல் 4,000 ரூபாய். அதற்காக ஒரு நல்ல ஆளை வைக்காமல், வாடிக்கையாளரைக் காக்க வைத்து, அவர் அடுத்த கடைக்குப் போவதைப் பார்த்துக் கொண்டிருப்பது எந்த வியாபாரக் கணக்கு என்று புரியவில்லை.

அதுவும் அந்த ஒன்பது உண்மையில் ஒன்பதுதானா? எட்டு பேர் உள்ள கடையில் தீபாவளிக்கு இருபது நாள் மூன்று பையன்களை வைத்தால் பதினொன்று. சம்பளம் யார் கையால் கொடுக்கப்படுகிறது என்பது முக்கியமில்லை, ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆட்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள். கடை ஒரு தெருவிலும் கிடங்கு வேறு தெருவிலும் இருந்தாலும், ஒரே முதலாளி, ஒரே கணக்கு என்றால் சேர்த்தே எண்ண வாய்ப்பு உண்டு. சம்பளம் வாங்காமல் கல்லாவில் உட்காரும் மகன் கணக்கில் வரமாட்டார். வருமான வரிக்காக அவர் பெயரில் சம்பளம் எழுதி வைத்திருந்தால் வருவார். ஒரு தடவை திட்டத்துக்குள் வந்துவிட்ட கடை, பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது.

சம்பளத்தைப் பிரித்து எழுதும் பழக்கத்துக்கும் புதிய தொகுப்பு கடிவாளம் போட்டிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் என்று கொஞ்சமும், பேட்டா, படி என்று மீதியும் எழுதினால், விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டும் அளவுக்கு அதுவும் சம்பளமாகவே எடுத்துக் கொள்ளப்படும். மேலும் ஒவ்வொரு சிப்பந்திக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும், 40 வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முதலாளி செலவில் உடல் பரிசோதனை என்றும் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இவற்றின் நடைமுறை விதிகளைச் சங்கத்தின் ஆலோசகரிடமோ உங்கள் கணக்காளரிடமோ கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

முதலமைச்சர் காப்பீடு போதாதா?

"அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, இது வேறு எதற்கு?" என்று நம் அன்பர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2017 முதல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தது பெரிய பாக்கியம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகவும், 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகவும் நடந்து வரும் ஏற்பாட்டில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது.

ஆனால் அதன் ஆண்டு வருமான வரம்பைப் பாருங்கள். முதலில் 72,000 ஆக இருந்து 2022இல் 1,20,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அதாவது மாதம் 10,000. நாம் 12,000 கொடுக்கும் சிப்பந்தியின் ஆண்டு வருமானம் 1,44,000. சட்டப்படி பார்த்தால் அவர் வரம்புக்கு வெளியே. சம்பளப் பட்டியலைச் சரியாக எழுதும் முதலாளியிடம் வேலை பார்ப்பவருக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குவது சிக்கலாகிறது! தனியார் காப்பீடு எடுக்க வசதியும் இல்லை, இலவச அட்டைக்குத் தகுதியும் இல்லை என்று நடுவில் தொங்குபவர்கள் நம் கடைச் சிப்பந்திகள்தான். 21,000 வரை இடம் தரும் இ.எஸ்.ஐ. இந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துகிறது. இன்னொன்று, காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவைத்தான் கட்டும். கால் முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடப்பவருக்கு அரிசி பருப்பு வாங்கப் பணம் தராது. அந்தப் பணத்துக்கு அவர் வருவது முதலாளியிடம்தான். "அட்வான்ஸ்" என்று பேரேட்டில் எழுதப்பட்டு, பாதிக்கு மேல் திரும்பி வராத அந்தத் தொகைகளை ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால், இ.எஸ்.ஐ. சந்தாவோடு ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கும்.

குறைகள் இல்லையா என்றால், உண்டு. இ.எஸ்.ஐ. மருத்துவமனை என்றால் நமக்கு அருகில் இருப்பது திருச்சிதான். புதுக்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அறந்தாங்கிக்காரர் அதற்கு முன் இன்னொரு முப்பது கிலோமீட்டர் வர வேண்டும். காய்ச்சலுக்கு அரை நாள் பஸ்ஸில் போய் வர எந்தச் சிப்பந்தியும் விரும்ப மாட்டார். எல்லா மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்து, எல்லா ஊரிலும் சந்தா வாங்கும்போது, அந்தந்த வட்டத் தலைநகரிலேயே வெளிநோயாளர் சிகிச்சையும், பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் ஒப்பந்த மருத்துவமனையும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. சந்தாவைக் குறையுங்கள் என்று இனிக் கேட்பதைவிட, கட்டுகிற சந்தாவுக்கு அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் பொன்னமராவதியிலும் வைத்தியம் கொடுங்கள் என்று வணிகர் சங்கங்கள் மனுக் கொடுத்தால் அதற்கு எடை அதிகம். மனுக் கொடுப்பவர் சந்தா கட்டுபவராக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

பத்துக்குக் கீழ் உள்ள கடைகள்

நம் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் இரண்டு, மூன்று சிப்பந்திகளோடு கடை நடத்துபவர்கள். அவர்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை. புதிய தொகுப்பில் முதலாளியும் பெரும்பான்மைப் பணியாளர்களும் சம்மதித்தால் விரும்பிச் சேரலாம். கிடங்கு வேலை, மூட்டை வேலை அதிகம் உள்ள மொத்த வியாபாரிகள் இதை யோசிக்க வேண்டும். மேலே சொன்ன நஷ்டஈட்டுப் பொறுப்பு அவர்களுக்கும் உண்டு. சேர விருப்பம் இல்லாதவர்கள், நஷ்டஈட்டுப் பொறுப்புக்கு மட்டுமான பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் எடுத்துக் கொள்ளலாம். லாரி வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான சங்கதிதான்.

இதில் முதலாளியின் சொந்த உடம்பை மறந்துவிடக் கூடாது. சொந்தக் கடை நடத்துபவர் தொழிலாளி ஆக மாட்டார். ஆகவே அவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. பத்து பேருக்குச் சந்தா கட்டிவிட்டுத் தனக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கும் வணிகர்கள் நம்மிடையே ஏராளம். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. வரியைச் சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டவர்கள் இப்போது விசாரிக்கலாம். நாற்பது வயதில் எடுப்பதற்கும் ஐம்பத்தைந்தில் எடுப்பதற்கும் பிரீமியத்தில் உள்ள வித்தியாசம் எந்த வரியையும்விடப் பெரிது.

சிறு கடைச் சிப்பந்திகளுக்கு இன்றே செய்யக் கூடியது ஒன்று உண்டு. 2015 மே மாதம் மத்திய அரசு கொண்டு வந்த இரண்டு வங்கித் திட்டங்களில், விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுப் பிரீமியம் இப்போது 20 ரூபாய், வயது 18 முதல் 70 வரை. ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டிலும் இழப்பீடு 2 லட்சம். இரண்டும் சேர்ந்து ஆளுக்கு ஆண்டுக்கு 456 ரூபாய், அதை முதலாளியே கொடுத்துவிட்டாலும் பெரிய சுமை ஆகாது. சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுத்து வந்தால் கணக்கும் உயிரோடு இருக்கும். காப்பு ஆண்டு ஜூன் 1இல் தொடங்குகிறது. பணத்தை வங்கி தானாகவே எடுத்துக் கொள்வது மே மாதக் கடைசியில். அந்த வாரத்தில் சிப்பந்தியின் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பு அறுந்துவிடும். மே 20ஆம் தேதி வாக்கில் கணக்குப்பிள்ளையை விட்டு ஒவ்வொருவர் பாஸ் புத்தகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.